வீட்டு வாசலும் சாலைதான்: மின் ஸ்கூட்டர் வாங்கும் முன் ஜோகூர் பெற்றோர் யோசிக்க வேண்டியவை

ஜோகூர் பாரு: மாலை ஆறு மணிக்கு மேல் மாசாய், ஸ்கூடாய், உலு திராம், கூலாய் என்று எந்தப் பக்கத் தாமானுக்குள் நுழைந்தாலும் இந்தக் காட்சியைக் காணலாம். வரிசை வீடுகளுக்கு நடுவே ஓடும் சாலையில் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் நின்றபடி ஓட்டும் மின் ஸ்கூட்டரில் போவதும் திரும்புவதுமாக இருக்கிறார்கள். சில நேரம் ஒரே ஸ்கூட்டரில் இரண்டு பேர். தலைக்கவசம் அநேகமாக இருக்காது. வாசலில் நிற்கும் பாட்டியோ அம்மாவோ சொல்வதும் பெரும்பாலும் ஒன்றுதான்: “பெரிய ரோட்டுக்குப் போகாதே ஐயா, இங்கேயே ஓட்டு.”

அந்த ‘இங்கேயே’ என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் ‘சாலை’ என்பதற்குத் தரும் விளக்கம் மிகவும் அகலமானது. பொதுச் சாலைகள் மட்டுமல்லாமல், பொதுமக்கள் போய்வரக்கூடிய வேறு எந்தச் சாலையும் அதற்குள் வந்துவிடுகிறது. பாலம், சுரங்கப்பாதை, சாலையோரம், சாலைச் சந்திப்பு எல்லாம் சேர்த்தி. குப்பை லாரியும் தபால்காரரும் ஐஸ்கிரீம் வண்டியும் வந்து போகும் தாமான் லோரோங் சட்டத்தின் பார்வையில் சாலைதான். அந்தச் சாலையில் மின் ஸ்கூட்டர் ஓட்டுவது மலேசியாவில் தடை செய்யப்பட்டது. பெரிய ரோட்டுக்குப் போகாமல் இருப்பது பிள்ளைக்குப் பாதுகாப்பு என்பது உண்மை. ஆனால் அது சட்டத்துக்குள் நிற்பது ஆகாது.

இந்த விவரம் தெரியாமல் வாங்குகிறவர்களைக் குறை சொல்வதும் கடினம். முதலில் பெயரிலேயே குழப்பம் இருக்கிறது. தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியிலும் யூடியூப்பிலும் ‘எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்’ என்று காட்டப்படுவது, உட்கார்ந்து ஓட்டும், பதிவு எண் பலகை உள்ள வண்டி. அதற்கு இங்கே மின் மோட்டார் சைக்கிள் என்று பெயர். ஜேபிஜேயில் பதிவு செய்து, காப்புறுதி எடுத்து, ‘பி2’ உரிமம் உள்ளவர் ஓட்டினால் முழுக்க முழுக்கச் சட்டப்படியானது. நம் தாமான்களில் பிள்ளைகள் நின்றுகொண்டு ஓட்டுவது வேறு சாதி. இவை இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று உண்டு. பார்வைக்குச் சைக்கிள், பெடலும் இருக்கிறது, ஆனால் கைப்பிடியை முறுக்கினால் பெடல் மிதிக்காமலே ஓடும். பெடல் இருப்பதாலேயே அது சைக்கிள் ஆகிவிடும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பிவிட வேண்டாம்.

தடை எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்க்கலாம். சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் செய்த திருத்தத்தின் மூலம் ‘நுண் நடமாட்ட வாகனம்’ என்ற புதிய வகை சேர்க்கப்பட்டது. மின்சாரத்தாலோ எரிபொருள் இயந்திரத்தாலோ மனித உழைப்பாலோ ஓடக்கூடிய, மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாத வண்டிகள் இதில் அடங்கும். பிறகு 2021ஆம் ஆண்டின் விதிகள் இந்த வகையைச் சேர்ந்த மூன்று பிரிவுகளைச் சாலையில் பயன்படுத்தத் தடை விதித்தன. மோப்பெட் எனப்படும் சிறு மோட்டார் வண்டி ஒன்று. மோட்டார் பொருத்திய சக்கர நாற்காலி போன்ற தனிநபர் நடமாட்ட உதவிச் சாதனம் இன்னொன்று. மூன்றாவது, தனிநபர் நகர்வுச் சாதனம். நின்று ஓட்டும் மின் ஸ்கூட்டர் இந்த மூன்றாவது பிரிவில் வருகிறது. சாதாரணச் சைக்கிளுக்குத் தடை இல்லை. இந்தத் தடையை அப்போதைய போக்குவரத்து அமைச்சர் டத்தோஸ்ரீ வீ கா சியோங் 2022 ஏப்ரல் மாதம் விளக்கமாக அறிவித்தபோதுதான் பொதுமக்களில் பலருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரிந்தது.

அந்த 2022 ஏப்ரல் ஜோகூர் மக்களுக்கு இன்னொரு காரணத்துக்காகவும் மறக்க முடியாத மாதம்.

2017 பிப்ரவரி 18ஆம் தேதி அதிகாலை, மூன்று மணியைத் தாண்டிய நேரம். ஜோகூர் பாரு நகரத்தின் ஜாலான் லிங்காரான் டாலாம் சாலையில், காரை ஓட்டிவந்த 22 வயதுப் பெண் ஒருவர், சாலையில் இருந்த பதின்ம வயதுச் சைக்கிளோட்டிகளின் கூட்டத்தில் மோதினார். எட்டுப் பேர் உயிரிழந்தனர். எல்லாரும் 13 முதல் 16 வயது வரை உள்ள பையன்கள். மேலும் எட்டுப் பேர் காயமடைந்தனர். அவர்கள் ஓட்டியது ‘பாசிக்கால் லாஜாக்’. அதாவது கைப்பிடியைத் தாழ்த்தி, பிரேக்கைக் கழற்றி, இறக்கத்தில் உடலைப் படுக்கவைத்து வேகமாகப் பாய்வதற்கென்றே மாற்றியமைக்கப்பட்ட சைக்கிள். மோட்டார் எதுவும் இல்லை. மின்சாரமும் இல்லை. ஆனாலும் இன்றைய மின் ஸ்கூட்டர் பற்றிப் பேச வேண்டுமானால் ஜோகூரில் அந்தச் சாலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏனென்றால் சாலையில் ஒரு பிள்ளையும் ஒரு காரும் சந்திக்கும்போது யார் எதற்குப் பொறுப்பு என்ற கேள்வியை இந்த மாநிலம் ஆறு ஆண்டுகள் நீதிமன்றத்தில் வைத்து விவாதித்தது.

விவாதம் போன வழியைப் பாருங்கள். சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 41(1) பிரிவின் கீழ் அந்தப் பெண் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. 2019 அக்டோபரில் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் எதிர்வாதத்துக்கே அழைக்காமல் அவரை விடுவித்தது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. 2021 பிப்ரவரியில், விபத்து நடந்து சரியாக நான்கு ஆண்டுகள் ஆன நிலையில், உயர்நீதிமன்றம் அவர் எதிர்வாதம் செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் இரண்டாவது முறையாக விடுவித்தது. அவர் மது அருந்தியிருக்கவில்லை, கைப்பேசி பயன்படுத்தவில்லை, இருக்கைவார் அணிந்திருந்தார், சாலை இருட்டாகவும் மேடுபள்ளத்தோடும் வளைந்தும் இருந்தது, அந்த நேரத்தில் அங்கே சைக்கிள் கூட்டம் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பன அங்கே முன்வந்த காரணங்கள். மறுபடியும் மேல்முறையீடு. 2022 ஏப்ரல் 13ஆம் தேதி உயர்நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து ஆறு ஆண்டுச் சிறையும் 6,000 வெள்ளி அபராதமும் விதித்தது.

நாடே இரண்டாகப் பிரிந்தது. பல லட்சம் பேர் இணைய மனுவில் கையெழுத்திட்டார்கள். நம் வாட்ஸ்அப் குழுக்களிலும் அந்த வாரம் முழுவதும் இதே பேச்சுதான். பிள்ளைகளை அதிகாலை மூன்று மணிக்கு வெளியே விட்ட பெற்றோரை ஏன் யாரும் கேட்கவில்லை என்று ஒரு பக்கம். எட்டுப் பிணங்களுக்கு யாருமே பொறுப்பில்லையா என்று இன்னொரு பக்கம். சில நாட்களில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு மேல்முறையீடு செய்ய அனுமதியும் ஜாமீனும் தந்தது. ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 2023 ஏப்ரல் 11ஆம் தேதி, அவரை முழுமையாக விடுவித்தது.

அந்த இறுதித் தீர்ப்பின் காரணம் பலர் கவனிக்காமல் விட்ட ஒன்று. குற்றச்சாட்டு எழுதப்பட்ட விதமே பிழையானது என்று நீதிபதிகள் கண்டார்கள். ‘பொறுப்பற்ற முறையில்’ ஓட்டுவதும் ‘ஆபத்தான முறையில்’ ஓட்டுவதும் தனித்தனி. இரண்டையும் ஒரே குற்றச்சாட்டுக்குள் சேர்த்து வைத்ததால் எதற்கு எதிர்வாதம் செய்வது என்பதே தெளிவில்லாமல் போனது. வழக்கு அதோடு முடிந்தது. ஆறு ஆண்டுகளில் ஐந்து முறை உத்தரவு வந்தும், நள்ளிரவுச் சாலையில் பிள்ளைகள் இருந்ததற்குப் பெற்றோர், நகராண்மை, காவல்துறை, பள்ளி ஆகியோரில் யார் என்ன செய்திருக்க வேண்டும் என்ற கேள்வி நீதிமன்றத்தின் முன் வரவே இல்லை. வரவும் முடியாது. குற்றவியல் வழக்கு, கூண்டில் நிற்பவரைப் பற்றி மட்டுமே பேசும்.

ஆக, அந்த வழக்கைக் காட்டி ‘காரோட்டிதான் எப்போதும் குற்றவாளி’ என்று சொல்கிறவர்களும் தவறு. ‘காரோட்டி தப்பித்துவிடுவார், பிள்ளைதான் பலி’ என்று சொல்கிறவர்களும் தவறு. இரண்டையும் அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. மின் ஸ்கூட்டரில் போகும் பிள்ளை நாளைக்கு ஒரு காரில் அடிபட்டால், ஜோகூர் பழைய இடத்திலிருந்தேதான் மறுபடி விவாதத்தைத் தொடங்கும்.

பணக் கணக்கையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இதை யாரும் பேச விரும்புவதில்லை. மோட்டார் வாகனம் என்றால் மூன்றாம் தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம். மின் ஸ்கூட்டருக்குப் பதிவும் இல்லை, எண்ணும் இல்லை, அப்படி ஒரு காப்புறுதியும் இல்லை. உங்கள் பிள்ளை வளைவில் திரும்பும்போது மாலை நடைக்கு வந்த எதிர்வீட்டு மூதாட்டியை இடித்து இடுப்பெலும்பு முறிந்தால், மருத்துவச் செலவைக் கொடுக்க எந்த நிறுவனமும் வராது. பிள்ளையைக் கவனிக்கத் தவறியதாகப் பெற்றோர் மீதே சிவில் வழக்கு வரலாம். மறுதலையாக, கார் வந்து பிள்ளையை மோதினால் அந்தக் காரின் காப்புறுதியிடம் இழப்பீடு கேட்கலாம். ஆனால் தடை செய்யப்பட்ட வண்டியில் சாலையில் இருந்த பிள்ளைக்கும் தவறில் பங்கு உண்டு என்று எதிர்த்தரப்பு வாதாடும். பங்கு எவ்வளவு என்று நீதிமன்றம் கருதுகிறதோ அவ்வளவு தொகை குறையும். 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின்படி, திருமணமாகாத வயது குறைந்த பிள்ளையை இழந்த பெற்றோருக்கான துயர இழப்பீடு 30,000 வெள்ளி. அதுவும் 2019இல் உயர்த்தப்பட்ட பிறகு.

சில பெற்றோர் பிள்ளைக்குத் தனிநபர் விபத்துக் காப்புறுதி எடுத்து வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் சட்டத்தை மீறிய செயலின்போது நேர்ந்த காயத்துக்கு விலக்கு உண்டா என்று அந்தப் பாலிசியின் விலக்குப் பட்டியலைப் படித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

கடலுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று பலர் கேட்பதுண்டு. ஜோகூர் மக்களில் பாதிப் பேருக்குச் சிங்கப்பூர் நிலவரம் சொந்த ஊர் நிலவரத்தைவிட நன்றாகத் தெரியும். அங்கே முதலில் தடை விதிக்கவில்லை. 2017இல் சட்டம் இயற்றி, 2018 மே மாதம் முதல் நடைமுறைப்படுத்தி, மின் ஸ்கூட்டருக்கு இடம் கொடுத்தார்கள். நடைபாதையிலும் ஓட்டலாம், சைக்கிள் பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகலாம் என்றிருந்தது. 2019 பிப்ரவரியில் நடைபாதை வேகத்தை 10 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். அதே ஆண்டு ஜூலை முதல் பதிவு செய்யாத மின் ஸ்கூட்டர் ஓட்டுவது குற்றம் என்றார்கள். பேட்டரி தீப்பற்றுவதைத் தடுக்கும் தரச் சான்று இருக்க வேண்டும் என்றார்கள். அப்படியும் செப்டம்பரில் பிடோக்கில் சைக்கிளில் போன 65 வயது மாது ஒருவர் மின் ஸ்கூட்டருடன் மோதிய விபத்துக்குப் பின் இறந்துபோனார். நவம்பர் 5ஆம் தேதி நடைபாதையில் முற்றிலும் தடை வந்தது. 2020 ஜனவரி முதல் மீறுவோருக்கு 2,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அப்போது அங்கே பேசப்பட்ட இரண்டு எண்களை ஜோகூர்க்காரர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் இருந்த நடைபாதை ஏறக்குறைய 5,500 கிலோமீட்டர். சைக்கிள் பாதை 440 கிலோமீட்டர். ஒரே இரவில் மின் ஸ்கூட்டர்காரர்களின் உலகம் அந்த 440 கிலோமீட்டருக்குள் சுருங்கியது. உணவு விநியோகம் செய்து பிழைத்தவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களின் சந்திப்பு நாட்களில் கூட்டமாகப் போய் முறையிட்டார்கள். அவர்கள் வேறு வண்டிக்கு மாறுவதற்கு அரசும் விநியோக நிறுவனங்களும் சேர்ந்து 70 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி ஒதுக்கின. சைக்கிள் பாதையை 2030க்குள் சுமார் 1,300 கிலோமீட்டராக நீட்டும் திட்டமும் இருக்கிறது. மின் சைக்கிளுக்கு இன்னும் கண்டிப்பு. மிதித்தால் மட்டுமே மோட்டார் துணை செய்ய வேண்டும், 250 வாட்டுக்கு மேல் கூடாது, 25 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் நின்றுவிட வேண்டும், எடை 20 கிலோவுக்குள், ஓட்டுபவருக்கு 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2022 முதல் எழுத்துத் தேர்வும் எழுத வேண்டும்.

கண்டிப்பு என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் இரண்டு நாடுகளும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சொல்லப் போனால் சாலையைப் பொறுத்தவரை மலேசியத் தடை இன்னும் நேரானது. வேறுபாடு தடைக்குப் பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதில் இருக்கிறது. சிங்கப்பூரில் ‘அங்கே ஓட்டாதே, இங்கே ஓட்டு’ என்று காட்ட ஒரு பாதை இருக்கிறது. நம் பக்கத்தில் ‘ஓட்டாதே’ என்பதோடு வாக்கியம் முடிந்துவிடுகிறது. கடைகளில் மட்டும் விற்பனை நடக்கிறது. விதிகள் தடுப்பது சாலையில் பயன்படுத்துவதை. விற்பதை அல்ல. சிங்கப்பூரில் தரச் சான்று இல்லாததைப் பொதுப் பாதைக்கென்று விற்றால் விற்றவர் மீதும் வழக்கு வரும். எங்கே ஓட்டக் கூடாது என்ற எச்சரிக்கையைக் கடையில் ஒட்டியிருக்க வேண்டும். இங்கே விளையாட்டுப் பொருளோடு சேர்த்து இணையத்தில் ஒரே சொடுக்கில் வாங்கலாம். படத்தில் சிரித்துக்கொண்டு ஓட்டும் பிள்ளை எங்கே ஓட்டுகிறது என்று உற்றுப் பார்த்தால், பெரும்பாலும் ஒரு சாலையில்தான்.

பாரிஸ் நகரத்தையும் சிலர் உதாரணம் காட்டுவார்கள். அங்கே 2023 ஏப்ரலில் நடந்த வாக்கெடுப்பில், வாக்களித்தவர்களில் ஏறக்குறைய 90 விழுக்காட்டினர் வாடகை மின் ஸ்கூட்டருக்கு எதிராக நின்று, செப்டம்பரில் அவை அகற்றப்பட்டன. ஆனால் வாக்களிக்க வந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. அகற்றப்பட்டதும் வாடகை வண்டிகள் மட்டுமே. சொந்த வண்டிக்கு அங்கே தடை இல்லை. அதனால் அந்த உதாரணம் நமக்கு அவ்வளவாகப் பயன்படாது.

நம் பிள்ளைகள் ஏன் இந்த வண்டியை இவ்வளவு விரும்புகிறார்கள்? வேடிக்கைக்காக என்பது பாதிப் பதில். மீதிப் பாதி நம் குடியிருப்புகளின் அமைப்பில் இருக்கிறது. தோட்டங்கள் உடைந்து குடும்பங்கள் தாமான்களுக்கு வந்த பிறகு, பல தமிழ்ப்பள்ளிகள் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. பிள்ளை பள்ளி வேனில் போய் வேனில் வருகிறது. மாலையில் டியூஷன், கோயில் தேவார வகுப்பு, கூட்டாளி வீடு எல்லாமே ஒன்று, இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கின்றன. நடக்கலாம் என்றால் நடைபாதை நான்கு வீடு தாண்டி நின்றுவிடும், அல்லது அதன் மேல் கார் நிற்கும். பேருந்து அந்தப் பக்கம் வராது. தோட்டத்து மண் பாதையில் சைக்கிள் ஓட்டி வளர்ந்த தாத்தாமார் பலருக்கு, அந்தக் காலத்தில் சைக்கிளுக்கே நகராண்மையில் உரிமம் எடுத்துச் சிறு தகடு மாட்டியது நினைவிருக்கும். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைக்குக் காரைத் தவிர வேறு வழியில் இரண்டு கிலோமீட்டர் போக இடமில்லை.

வீட்டில் ஆள் இருப்பதில்லை என்பது இன்னொன்று. ஜோகூர் பாரு வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் அப்பா விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கே மோட்டாரில் பாலம் தாண்டிவிடுகிறார். சில வீடுகளில் அம்மாவும்தான். இருட்டிய பிறகுதான் திரும்புகிறார்கள். 2025 ஜனவரியிலிருந்து ஜோகூரின் வார விடுமுறை சனி, ஞாயிறு ஆனதால் பிள்ளைகளோடு சேர்ந்திருக்க இரண்டு நாள் கிடைக்கிறது என்பது பல குடும்பங்களுக்கு ஆறுதல். மற்ற ஐந்து நாள் மாலையில் பிள்ளை பாட்டியின் பொறுப்பு, அல்லது அக்காவின் பொறுப்பு. சிங்கப்பூர்ச் சம்பளத்தில் வாங்கித் தந்த ஸ்கூட்டரில், கூட இருக்க முடியவில்லையே என்ற குற்ற உணர்வும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். அதைப் பழிப்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் 2001ஆம் ஆண்டு சிறார் சட்டம் அந்த உணர்வைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. பிள்ளையைப் புறக்கணித்து உடல் அல்லது மனப் பாதிப்புக்கு ஆளாக்கினால் 50,000 வெள்ளி வரை அபராதமோ 20 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்க 31(1) பிரிவு இடம் தருகிறது. பாசிக்கால் லாஜாக் விவகாரம் எழும்போதெல்லாம் இந்தச் சட்டத்தைப் பெற்றோர் மீது பாய்ச்ச வேண்டும் என்ற குரலும் எழுகிறது. ஒரு மாலை நேரத்து ஸ்கூட்டர் விபத்துக்கு அதைப் பயன்படுத்துவது மிகை. வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்க வசதியில்லாத குடும்பங்களைத்தான் அது முதலில் பிடிக்கும்.

சாலை எப்படிப்பட்டது என்பதையும் பெற்றோர் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். மலேசியாவில் 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும் சாலை விபத்துகளில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பான்மையினர், பத்தில் ஆறு பேருக்கு மேல், மோட்டார் சைக்கிளில் போனவர்கள். பெரிய சக்கரமும் விளக்கும் தலைக்கவசமும் உரிமமும் உள்ளவர்களின் நிலைமையே இது. மின் ஸ்கூட்டரின் சக்கரம் சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. மோட்டார் சைக்கிள் குலுங்கிக் கடந்துவிடும் குழியில் அது அப்படியே நின்றுவிடும். நின்றுகொண்டிருக்கும் பிள்ளை முன்னால் பறக்கும். மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது கேட்கச் சிறிது. ஆனால் ஒரு நொடியில் ஏழு மீட்டர். 50 கிலோமீட்டரில் வரும் கார் அதே நொடியில் பதினான்கு மீட்டர் வந்துவிடும். தாமான் மூலையில் காரும் வேலிச் செடியும் மறைத்திருக்கும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதற்கும் மோதுவதற்கும் இடையே ஒரு நொடிதான் இருக்கும். பிரேக்கை அழுத்த வேண்டும் என்று மூளைக்கு எட்டவே அந்த நேரம் போய்விடும்.

பதினாறு வயது தாண்டிய பிள்ளைக்கு வண்டி அவசியம் தேவை என்றால், சட்டப்படி ஒரு வழி இருக்கிறது. ‘பி2’ உரிமம் 16 வயதிலேயே எடுக்கலாம். பதிவு செய்த மின் மோட்டார் சைக்கிளை ஓட்டலாம். ஆண்டு வருமானம் 120,000 வெள்ளிக்கு மேற்படாதவர்கள் உள்நாட்டில் பொருத்தப்பட்ட மின் மோட்டார் சைக்கிள் வாங்க 2,400 வெள்ளி கழிவு தரும் திட்டத்தை 2024இல் அரசாங்கம் அறிமுகப்படுத்தியது. அதாவது மின்சார வண்டியை அரசாங்கம் வெறுக்கவில்லை. எண் பலகையும் உரிமமும் காப்புறுதியும் உள்ள மின்சார வண்டியைப் பணம் கொடுத்தே வரவேற்கிறது. அவை இல்லாத சின்ன வண்டிக்குத்தான் இடமில்லை. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதில் எதுவும் பொருந்தாது. தலைக்கவசத்தோடு, பிரேக் வேலை செய்யும் சாதாரணச் சைக்கிள், வெளிச்சம் இருக்கும் நேரத்தில் என்பதுதான் இப்போதைக்குச் சட்டமும் இடம் தரும் வழி. மின் ஸ்கூட்டர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், அதைப் பொதுமக்கள் வண்டி ஓட்டாத வளாகத்தில், அந்த இடத்தின் நிர்வாகம் அனுமதித்தால் மட்டும், பெரியவர் ஒருவர் கூட இருக்கும்போது ஓட்டவிடலாம். பூங்காவில் ஓட்டலாமா என்பதை நுழைவாயிலில் உள்ள நகராண்மை அறிவிப்புப் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதில் ஒரு முரண் கூடிக்கொண்டே போகிறது. புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் நான்கு கிலோமீட்டர் ஆர்டிஎஸ் ரயில் 2026ஆம் ஆண்டின் இறுதியை இலக்காக வைத்துக் கட்டப்பட்டது. ஒரு திசைக்கு மணிக்குப் பத்தாயிரம் பேரை ஏற்றிச் செல்லும் திறன் கொண்டது. வீட்டிலிருந்து நிலையம் வரையிலான கடைசி இரண்டு, மூன்று கிலோமீட்டரைப் பயணிகள் எப்படிக் கடப்பது என்பது நகரத்தின் அடுத்த பெரிய கேள்வி. உலகின் பல நகரங்களில் அந்தத் தூரத்துக்குத்தான் மின் ஸ்கூட்டரும் மின் சைக்கிளும் பயன்படுகின்றன. பாதை இல்லாமல் தடை மட்டும் இருந்தால், அந்தக் கேள்விக்கான பதில் இன்னும் சில ஆயிரம் மோட்டார் சைக்கிள்களாகத்தான் இருக்கும். பெரியவர்கள் மீறத் தொடங்கிவிட்டால் பிள்ளைகளிடம் விதியைச் சொல்ல முடியாது.

பாதை போடுவது போக்குவரத்து அமைச்சின் வேலை மட்டுமல்ல. ஜோகூர் பாரு, இஸ்கண்டார் புத்ரி, பாசிர் கூடாங் மாநகராண்மைகளும் கூலாய் நகராண்மையும் தங்கள் வட்டாரத்துக்கு உள்ளூர்த் திட்டம் வரைகின்றன. எந்தத் தாமானிலிருந்து எந்தப் பள்ளிக்கு, எந்தப் பேருந்து நிறுத்தத்துக்குச் சைக்கிள் பாதை போகும் என்பது அந்த வரைபடத்தில்தான் முதலில் கோடாக விழும். 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி வரைவுத் திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, எழுத்துமூலமான ஆட்சேபங்களையும் கருத்துகளையும் பெற வேண்டும். குடியிருப்பாளர் சங்கமோ, தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, கோயில் நிர்வாகமோ ஒரு பக்கக் கடிதம் எழுதி, பிள்ளைகள் எந்த வழியாகப் போகிறார்கள் என்று குறித்துக் கொடுக்கலாம். அடுத்த வரைவு உங்கள் நகராண்மையில் எப்போது பார்வைக்கு வருகிறது என்பதை வட்டார நகராண்மை உறுப்பினரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.